மனுவின் முதல் வரியில் எதை எழுதுவது?

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில், பேருந்து நிலையம் பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பேர்தான் ஜெராக்ஸ், வருமானத்தில் பாதி மனு டைப் அடித்துக் கொடுப்பதில்தான் வருகிறது. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடையை அடைத்துவிட்டார் என்று ஊரில் உள்ள குறை எல்லாம் என் கீபோர்டைத் தாண்டித்தான் போகும்.

போன மாதம் கடைத்தெருவிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் கையில் கொடுக்க ஊர் சார்பாக ஒரு மனு வேண்டுமாம். தலைப்பு: ‘எங்கள் ஊரின் வளர்ச்சிக்காக’. என்ன கேட்பது என்பதில்தான் சண்டை. ஒருவர் சிப்காட் தொழிற்பேட்டை என்றார். இன்னொருவர் அரசு மாங்கூழ் ஆலை என்றார். மூன்றாமவர் ஜவுளிக் கடைகளுக்குப் பேர்போன பக்கத்து ஊர் பர்கூர் மாதிரி பெரிய கடை வளாகம் கட்டித்தரச் சொல்லலாம் என்றார். கடைசியில், “நீதான் தினமும் மனு எழுதறியே, எதை முதல்ல போடறதுன்னு யோசிச்சு வைப்பா” என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள்.

பத்துக் கோரிக்கை எழுதினாலும் வாங்குகிறவர் கண் முதல் வரியில்தான் நிற்கும். இரண்டாவதை ஒருவேளை பார்ப்பார். மீதி எல்லாம் தாளுக்கு மேல் பாரம். அதனால் எதை முதலில் போடுவது என்பது விளையாட்டு விஷயமில்லை. இரண்டு வாரம் யோசித்ததை இங்கே எழுதுகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இதே கேள்வி உள்ள சின்ன ஊர்கள் நிறைய இருக்கின்றன.

எல்லாவற்றையும் ஒரே தராசில் போட வேண்டுமென்றால் படிக்கல் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த படிக்கல் ஜே.சி.குமரப்பா சொன்னது. தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, காந்தியோடு கிராமத் தொழில்களுக்காக உழைத்து, கடைசிக் காலத்தில் டி.கல்லுப்பட்டியில் வாழ்ந்தவர். பொருளாதாரத்தை அவர் விலங்குகளை வைத்து விளக்கினார். புலி ஆட்டைக் கொன்று தின்கிறது. இருந்த ஆடும் போய்விடுகிறது. குரங்கு தான் வைக்காத மாந்தோப்பில் புகுந்து பழத்தைத் தின்றுவிட்டுப் போகிறது. மரம் மட்டும் மிஞ்சுகிறது. தேனீ தேனை எடுத்தாலும் பூவுக்கு மகரந்தச் சேர்க்கை செய்துவிட்டுப் போகிறது. மாம்பழ ஊர்க்காரனுக்கு இதைவிட எளிதாக யாரும் பாடம் எடுக்க முடியாது.

இதோடு நான் ஒன்று சேர்த்துக்கொண்டேன். கடை என்று ஒன்று இருந்தால் ஒருநாள் பூட்ட வேண்டியும் வரும். எந்த யோசனையிலும் தப்பு நடக்கும். நடக்கும்போது சாவி யார் கையில் இருக்கிறது? ஊரில் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். மும்பையிலோ சென்னையிலோ இருந்தால் இன்னொரு மனுதான் எழுத வேண்டும்.

சிப்காட்

முதலில் நியாயமாகப் பேசிவிடுவோம். ஓசூர் இல்லாவிட்டால் இந்த மாவட்டம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. பின்தங்கிய பகுதி என்று சலுகை கொடுத்து 1970களில் சிப்காட் தொடங்கினார்கள். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வரிசையாக வந்தன. 2019ல் ஓசூர் மாநகராட்சியே ஆகிவிட்டது. என் அக்கா மகன் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறான். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் பிடிக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் மாதம் பிறந்ததும் வங்கியில் சம்பளம் விழுந்த முதல் ஆள் அவன்தான். அவன் அப்பா காலத்தில் பெங்களூருக்குப் போய்க் கட்டட வேலை செய்வதுதான் வழி.

ஆனால் அவன் காலை நாலரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். இங்கிருந்து ஓசூர் 60 கிலோமீட்டருக்கு மேல். பொழுது சாய்ந்த பிறகுதான் வருவான். சரி, அதனால்தான் சிப்காட் இங்கேயே வேண்டும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நிலம் எங்கே? ஓசூர் நிரம்பிவிட்டது. சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று மாவட்டத்தில் ஏற்கெனவே சிப்காட்கள் இருக்கின்றன. உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பக்கம் இன்னும் நிலம் எடுக்கப் போனபோது விவசாயிகள் மாதக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்ததைப் பார்த்தோம். எங்கள் பக்கம் எடுத்தால் தென்பெண்ணைப் பாசனத்தில் விளைகிற நிலத்தையோ மாந்தோப்பையோதான் எடுக்க வேண்டும். விளைகிற நிலத்தைக் கொடுத்து வேலையை வாங்குவது ஆட்டை விற்று ஆட்டுப்புழுக்கை வாங்குகிற வியாபாரம் என்று எங்கள் அப்பா சொல்வார். அது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் முழுப் பொய்யும் இல்லை.

அடுத்தது ஆறு. தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவையும் சுமந்துகொண்டு ஓசூருக்கு மேலே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே மலை மலையாக நுரை நிற்பதை டிவியில் எத்தனை தடவை காட்டிவிட்டார்கள்! அந்தத் தண்ணீர்தான் கிருஷ்ணகிரி (கே.ஆர்.பி.) அணையைத் தாண்டி எங்களிடம் வருகிறது. மேலே இருக்கிற ஊரின் வளர்ச்சி கீழே இருக்கிற ஊருக்கு என்ன செய்யும் என்பதற்கு எங்களுக்கு வேறு உதாரணம் தேவையில்லை. எங்களுக்குக் கீழேயும் ஊர்கள் இருக்கின்றன.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளின் பல் பழுப்பேறும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பு வளையும். இதைச் சமாளிக்கத்தான் ஜப்பான் கடன் வாங்கி, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 2013ல் கொண்டுவந்தார்கள். நிலத்தடி நீர் கெட்டால் ஒரு பேரூராட்சி தன் கையால் எதையும் சரிசெய்ய முடியாது என்பதற்கு அந்தத் தொகையே சாட்சி. மறுபடி ஒருமுறை யார் கடன் கொடுப்பார்கள்?

சாவி? அது எங்கள் கையில் இருக்கவே இருக்காது. ஆர்டர் குறைந்தால் ஷிப்ட் குறையும், ஒப்பந்தத் தொழிலாளிதான் முதலில் வீட்டுக்குப் போவான். அதற்குக் கம்பெனிக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவர் கணக்கு அவருக்கு.

ஆகவே எனக்குத் தோன்றியது இதுதான்: சிப்காட் எங்கள் ஊருக்கு வர வேண்டியதில்லை, எங்கள் பிள்ளைகள் சிப்காட்டுக்கு ஒழுங்காகப் போய்வர வழி வேண்டும். ஷிப்ட் நேரத்துக்குப் பேருந்து, பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான விடுதி, பக்கத்தில் நல்ல ஐ.டி.ஐ. மூன்றுக்கும் ஆகும் செலவு சில நூறு ஏக்கர் நிலத்தின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

மாங்கூழ் ஆலை

இதில் எனக்கு நேரடியாகச் சம்பந்தம் உண்டு, முன்பே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இரண்டு ஏக்கர் பெங்களூரா தோப்பு. தோத்தாபுரி, கிளிமூக்கு என்றெல்லாம் சொல்கிறார்களே, அதேதான். கையால் தின்னச் சுமார், கூழுக்கு ராஜா. இந்த மாவட்டத்தில் கூழ் ஆலைகள் இவ்வளவு வந்ததற்கு அந்தக் காய்தான் காரணம். கூழை டின்னிலும் டிரம்மிலும் அடைத்து வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகிறார்கள். ஒரு டின் 3.1 கிலோ, ஒரு டிரம் 215 கிலோ.

ஒவ்வொரு சீசனும் ஒரே கதை. காய் முற்றி மரத்தில் தொங்கும், விலை பேசி முடிந்திருக்காது. கலெக்டர் ஆபீசில் விவசாயிகள், ஆலைக்காரர்கள், அதிகாரிகள் என்று முத்தரப்புக் கூட்டம் நடக்கும். அதற்குள் டிராக்டர்கள் ஆலை வாசலில் வரிசையாக நிற்கும். வெயிலில் நிற்கிற காய்க்கு ஒவ்வொரு மணி நேரமும் எடை குறையும். ஒரு வருஷம் நானும் அப்பாவும் ஒரு ஆலை வாசலில் இரண்டு ராத்திரி டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் எடை போட்டபோது அடியில் இருந்த காய் கசிய ஆரம்பித்துவிட்டது. கழிவு என்று தள்ளியதற்குக் கணக்கே இல்லை. பணம் வந்தது தீபாவளிக்கு.

அதனால் ‘அரசே ஆலை வைக்கட்டும்’ என்று யாராவது சொன்னால் என் கை தானாகத் தூக்கிக்கொள்ளும். அப்புறம் பேப்பரையும் பேனாவையும் எடுத்து உட்கார்ந்தேன்.

காய் வருவது மே முதல் ஜூலை வரை. இழுத்தால் ஆகஸ்ட் தொடக்கம். ஆக, ஆலை முழுமூச்சாக ஓடுவது இரண்டரை, மூன்று மாதம். கடனுக்கு வட்டி பன்னிரண்டு மாதமும் ஓடும். பாய்லர், கிருமி நீக்கி நிரப்பும் இயந்திரம், குளிர்கிடங்கு என்று கோடிகளில் போட்டு ஒன்பது மாதம் பூட்டி வைக்கிற தொழில் இது. தனியார் ஆலைகள் அதைக் கொய்யா, தக்காளி, பப்பாளி என்று கொஞ்சம் நிரப்புகின்றன. அப்படியும் வெளிநாட்டில் கூழ் தேங்கிவிட்டால் அடுத்த சீசனில் காயை வாங்க ஆள் இருக்காது. கூட்டுறவு ஆலையாக இருந்தால் தேங்குவது நம் கிடங்கில். அதற்கும் வட்டி. கிட்டத்தட்ட பாதிக் காய் தோலும் கொட்டையுமாகக் கழிந்து போகும். அதைக் கொட்ட இடம் வேண்டும். கழுவிய தண்ணீர் புளித்து நாறும், நேராக ஓடையில் விட்டால் மீன் செத்து மிதக்கும். சுத்திகரிப்புக்கு இன்னொரு முதலீடு.

இந்த யோசனை குரங்கா, தேனீயா? தேனீதான். விவசாயிக்கு விலை கிடைத்தால் மரம் பிழைக்கும். இப்போதே சிலர் மரத்தை வெட்டிவிட்டு வீட்டுமனை போடுகிறார்கள். ஆனால் கூடு கட்டவே முடியாத தேனீ. சாவி நம் கையில் இருக்கும். பூட்டின் விலைதான் கட்டுப்படியாகாது.

இதற்கு மாற்று ஒன்று இருக்கிறது. விவசாயிகள் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து, இருக்கிற ஆலை ஒன்றில் கூலிக்கு அரைத்து வாங்குவது. நெல்லைக் கொடுத்து அரிசியாக வாங்குகிற மாதிரிதான். கூழ் நம் பேரில் இருக்கும், டிரம்மை விற்கும் நேரத்தையும் நாமே முடிவு செய்யலாம். முதல் வருஷம் ஐம்பது டிரம்மில் ஆரம்பித்தால் போதும். கூடவே மனுவில் கேட்க வேண்டியது: சீசனுக்கு முன்பே, பூ பிடிக்கும் காலத்திலேயே விலைப் பேச்சு, வாசலில் டோக்கன் முறை, எடை போட்ட இத்தனை நாளுக்குள் பணம் என்று எழுத்தில் ஓர் ஏற்பாடு. கட்டடம் இல்லாத கோரிக்கைக்கு அடிக்கல் நாட்ட முடியாது, கல்வெட்டில் பேர் வராது. அரசியல்வாதிக்கு அதில் சுவை குறைவுதான்.

பர்கூர் மாதிரி

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பர்கூரைக் ‘குட்டி சூரத்’ என்பார்கள். தெருவெல்லாம் ஜவுளிக் கடை. முகூர்த்த காலத்தில் ஆந்திரா, கர்நாடகத்திலிருந்தெல்லாம் வேனில் வந்து சேலை எடுக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களே வளர்த்த வியாபாரம் என்பதுதான் அதன் பலம். முதலாளி அதே தெருவில் குடியிருக்கிறார், லாபம் அங்கேயே வீடாகவும் பள்ளிக் கட்டணமாகவும் கைமாறுகிறது.

ஆனால் பர்கூரில் யாரும் முதலில் வளாகம் கட்டிவிட்டு வியாபாரத்தைக் கூப்பிடவில்லை. வியாபாரிகள் இருந்தார்கள், கடை பின்னால் வந்தது. எங்கள் வரிசையில் ஏற்கெனவே மூன்று ஷட்டர் இறங்கியே கிடக்கிறது. இன்னும் நாற்பது கடை கட்டினால் நாற்பத்து மூன்று ஷட்டர் இறங்கியிருக்கும். தவிர, அங்கேயே கிடைக்கிற சேலைக்கு இங்கே யார் வரப்போகிறார்கள்? வளாகத்தை மனுவிலிருந்தே எடுத்துவிட்டேன். அதைச் சொன்னவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நாலாவது, நானாகச் சேர்த்தது

தருமபுரி மாவட்டத்தில், அரூருக்கு அப்பால் கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே சிட்லிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு. மலைவாசி மக்கள் அதிகம், லம்பாடிகளும் இருக்கிறார்கள். 1993ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே போய் ஒரு மண் குடிசையில் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார்கள். அப்போது ஆயிரம் குழந்தை பிறந்தால் 147 குழந்தை ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தது. ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிறகு அந்த எண்ணிக்கையை இருபதுகளுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கெல்லாம் பிறகுதான் விவசாயத்தில் கை வைத்தார்கள். இயற்கை வேளாண்மை செய்கிற விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து சாமை, கேழ்வரகு, மஞ்சளைத் தாங்களே பதப்படுத்தி விற்கிறார்கள். லம்பாடிப் பெண்கள் மறந்துகொண்டிருந்த தையல் வேலையை 2006 முதல் ‘போர்கை’ என்ற பெயரில் தொழிலாக்கினார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பெருமை என்று பொருள்.

சிட்லிங்கியை அப்படியே பெயர்த்து இங்கே வைக்க முடியாது. அது காட்டுக்குள் இருக்கிற ஊர், நாங்கள் ஹைவே ஓரம். தவிர, அங்கே வேலை பிடிக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. ஓட்டுக் கேட்டு வருகிறவருக்குப் பத்து வருஷம் என்றால் இரண்டு தேர்தல். ஆனாலும் அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் உடம்பு, அப்புறம் ஏற்கெனவே கையில் இருக்கிற தொழில், கடைசியில் சந்தை.

எங்கள் கையில் இருக்கிற தொழில் எது? நிப்பட்டு, அதாவது தட்டை மாதிரிப் பலகாரம். காவேரிப்பட்டணம் நிப்பட்டு என்றால் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. என் கடைக்குப் பின்தெருவில் ஓர் அக்கா போடுகிறார். விடியற்காலையில் அரிசி மாவு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் பிசைந்து, எண்ணெய் தடவிய கவரில் உருண்டையை வைத்து ஒரே அமுக்கு. அந்த வட்டத்தைப் பார்த்தால் காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி இருக்கும். பொரித்து ஆறியதும் பத்துப் பத்தாக அடுக்கி, பாக்கெட் வாயை மெழுகுவத்திச் சுடரில் காட்டி ஒட்டுவார். அங்கேதான் தொழில் நிற்கிறது. மெழுகுவத்தியில் ஒட்டிய பாக்கெட்டுக்குள் காற்று போகும், பதினைந்து நாளில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். அதனால் அவர் சரக்கு கிருஷ்ணகிரியைத் தாண்டாது. பெங்களூர்க் கடை ஒன்றில் கேட்டார்களாம்; லேபிள் இல்லை, காலாவதித் தேதி இல்லை, பார்கோடு இல்லை என்று திரும்பி வந்துவிட்டார்.

நைட்ரஜன் நிரப்பி ஒட்டுகிற இயந்திரம் ஒன்று, எண்ணெய் சோதிக்க ஒரு சின்னக் கூடம், லேபிள் அச்சிட ஒரு பிரிண்டர். ஓர் ஆள் வாங்கினால் கட்டாது, முப்பது பேர் சேர்ந்தால் கட்டும். 2020ல் மத்திய அரசு தொடங்கிய நுண் உணவுத் தொழில் திட்டத்தில் தனியாளுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் பத்து லட்சம் வரை மானியம் அறிவித்தார்கள். பொது வசதி மையத்துக்கும் அதே விகிதத்தில் பெரிய தொகை அறிவித்தார்கள். சுய உதவிக் குழு உறுப்பினருக்குத் தொடக்க முதலாக 40,000 ரூபாய். இத்தனையும் எனக்குத் தெரியக் காரணம், அந்த விண்ணப்பங்களை ஜெராக்ஸ் எடுப்பவனே நான்தான். பெரும்பாலும் பத்து சதவீதம் சொந்தப் பணம், வங்கி கேட்கும் திட்ட அறிக்கை இரண்டிலும் சிக்கி நின்றுவிடும். அந்த அக்கா மூன்று தடவை வந்தார். நாலாவது தடவை வரவில்லை.

அந்த மையத்தில் நிப்பட்டு மட்டுமில்லை, மாங்காய் ஊறுகாய், மாங்காய் வத்தல், கேழ்வரகு மாவு எல்லாம் பாக்கெட் ஆகலாம். தருமபுரியில் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்த பிறகு அதை விளைவிக்கவும் ஆள் இருக்கிறது. மாங்காய் இல்லாத ஒன்பது மாதமும் இயந்திரம் ஓடும். கூழ் ஆலைக்கு இல்லாத நல்ல குணம் இது. தண்ணீர்ச் செலவு குறைவு. பழைய எண்ணெயைச் சேர்த்து விற்க வழி வைத்தால் சாக்கடையும் பிழைக்கும். பணம் காலையில் கடலை வாங்கிய கடைக்கு, மாவு மில்லுக்கு, மினி வேன்காரருக்கு என்று சாயங்காலத்துக்குள் நாலு கை மாறிவிடும். தோற்றால்? இயந்திரம் இருக்கும், கட்டடம் இருக்கும், முப்பது பெண்கள் உட்கார்ந்து வேறு எதைப் பாக்கெட் போடலாம் என்று பேசலாம். சாவி அவர்கள் முந்தானையில்.

குறை இல்லாமல் இல்லை. முப்பது பேர் சேர்கிற இடத்தில் சண்டை வரும், கணக்கு எழுத ஆள் கிடைக்காது, தலைவி பதவிக்கு அரசியல் நுழையும். என் அக்கா மகனுக்கு இதில் வேலையும் இல்லை. ஐ.டி.ஐ. படித்த பையனை நிப்பட்டு அடுக்கச் சொல்ல முடியுமா?

டைப் அடித்தது

முதல் வரி: பெண்கள் குழுக்கள் நடத்தும் பொது உணவுப் பதப்படுத்தும் மையம், கழிவுநீர்ச் சுத்திகரிப்போடு. பேரூராட்சிக்குச் சொந்தமான காலிக் கட்டடம் ஒன்றில் தொடங்க வேண்டும், திட்ட அறிக்கை எழுத ஓர் ஆளை ஆறு மாதம் ஊரிலேயே உட்கார வைக்க வேண்டும். இரண்டாவது: மாங்காய்க்குப் பூ காலத்திலேயே விலைப் பேச்சு, டோக்கன், பணம் கொடுக்கக் கெடு. மூன்றாவது: ஷிப்ட் பேருந்தும் விடுதியும்.

படித்துப் பார்த்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஊர் வளர்ச்சின்னு கேட்டா நிப்பட்டை எழுதி வெச்சிருக்கியே! சிப்காட் எங்கப்பா?” என்றார். அரை மணி நேரம் பேசினேன். பாதி ஒப்புக்கொண்டார். “சரி, சுத்திகரிப்பைப் பெருசா எழுது, அப்பத்தான் திட்டம் மாதிரி தெரியும்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு அக்கா மகன் வந்தான். கையில் சாப்பாட்டுப் பை, கண்ணெல்லாம் சிவப்பு. மனுவை ஸ்கிரீனில் படித்தான். ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, “மாமா, பஸ்ஸை ஒரு வரி மேல ஏத்த முடியாதா?” என்றான்.

மூன்றாவதை இரண்டாவது ஆக்கி, மாங்காயை மூன்றாவதுக்கு இறக்கிப் பிரிண்ட் எடுத்துவிட்டேன். அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை.